எல்லாருக்கும் ஏழு போட்டால் வேலை முடிந்ததா?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரியாக உட்கார்ந்த வருடமே ஏபிஏஆர், அதாவது ஊழியர்களின் ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை, எழுதும் வேலையும் வந்து சேர்ந்தது. ஊழியர் ஏப்ரல் 15-க்குள் தன் வேலையைப் பற்றித் தானே எழுதித் தர வேண்டும். ஜூன் 30-க்குள் நாம் மார்க் போட்டு மேலே அனுப்ப வேண்டும்.

"எல்லாருக்கும் ஏழு போட்டுடுங்க சார், வம்பு எதுக்கு" என்றார் பக்கத்துப் பிரிவுக்காரர். பத்துக்கு ஆறு முதல் எட்டுக்குக் கீழ் வரை 'மிக நன்று'. பிரமோஷனுக்குப் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான். அதற்கு ஒரு படி கீழான 'நன்று' என்று எழுதினால் பாராட்டு போலத் தெரியும், ஆளைக் கவிழ்த்துவிடும். தேவ் தத் என்ற பொறியாளருக்கு அப்படித்தான் ஆனது. அந்த வழக்கில்தான், எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எனக்கு ஏழு யோசனை ஒத்துவரவில்லை. உழைப்பவருக்கும் பேப்பர் படிப்பவருக்கும் ஒரே மார்க் என்றால் உழைப்பவர் எத்தனை நாள் உழைப்பார்? டைரியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, மாதக் கடைசியில் இரண்டு வரி எழுதி வந்தேன். குணத்தைப் பற்றி அல்ல. எந்தக் கோப்பு, எந்தத் தேதி, என்ன ஆனது என்று மட்டும். பன்னிரண்டு மாத வேலையை மார்ச் மாத ஞாபகத்தை வைத்து எடை போட முடியாது.

ஒரு கிளார்க் 'கோப்புகளை உடனுக்குடன் முடித்தேன்' என்று எழுதியிருந்தார். என் டைரியிலோ ஆகஸ்டில் இரண்டு பென்ஷன் கோப்புகள் அசையவே இல்லை. மார்க் போடுவதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து டைரியை அவர் பக்கம் திருப்பினேன். "சார், அந்த மாசம் லீவுல போனவரோட சீட்டையும் நான்தானே பார்த்தேன்? ஆர்டர்தான் போடலை" என்றார். டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரைப் புரட்டினால், அந்த சீட்டின் கடிதங்களில் அவர் இனிஷியல்தான். அதையும் குறிப்பில் சேர்த்தேன். ஏழரை கொடுத்தேன்.

இன்னொருவருக்கு ஐந்துதான். அதையும் முகத்துக்கு நேரே, தேதிகளோடு சொன்னேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் 15 நாள் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதினார், அது அவர் உரிமை. என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த டைரிப் பக்கங்களின் நகலை வைத்து அனுப்பினேன். மார்க் மாறவில்லை.