முன்பாரம்: பெரிய லென்ஸோடு நஞ்சராயன் குளமும் வெள்ளோடும்

சின்ன கேமராவில் பெரிய ஜூம் லென்ஸ் மாட்டினால் சரிவராது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னிடம் இருப்பது சோனி ஏ6400. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 403 கிராம். அதில் நான் மாட்டுவது சோனியின் 200-600 மி.மீ. லென்ஸ். ட்ரைபாட் ஃபுட்டை, அதாவது ட்ரைபாடில் மாட்டுவதற்காக லென்ஸுக்கு அடியில் இருக்கும் காலை, கழற்றிவிட்டு எடை போட்டாலே 2115 கிராம். அதாவது கேமராவைப் போல ஐந்து மடங்கு எடை லென்ஸில். இந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு தை மாதம் நானும் மாப்பிள்ளையும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும், அங்கிருந்து ஈரோடு பக்கம் இருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரே நாளில் போய்வந்தோம்.

கோயமுத்தூரில் இருந்து விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். அவிநாசி தாண்டும்போது நல்ல பனி. திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டைப் பிடித்து சர்க்கார் பெரியபாளையம் பக்கம் திரும்பினால் குளம் வந்துவிடும். பனியன் கம்பெனிகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நீர்ப்பரப்பு இருப்பதை முதல்முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம் இது. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகூட இங்கே வந்து இறங்கியிருக்கிறது. அது கண்ணில் படுமா என்றுதான் நாங்களும் போனோம். படவில்லை. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இருந்தன, நாமக்கோழிகள் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன, அதுவே போதும் என்றிருந்தது.

கரையில் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏங் கண்ணு, எத்தன கிலோ இருக்கும் அது?"

"ரெண்டரைக் கிலோவுக்கு மேல வருமுங்கய்யா."

"புடிச்சுப் பாக்கட்டுமா?"

"பாருங்கய்யா, அடியில கையக் குடுத்துப் புடிங்க."

வாங்கியவர் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். "முன்பாரமா இருக்குதே சாமி. வண்டியில மூட்டை ஏத்தறப்ப இப்படி ஆச்சுன்னா மாட்டுக் கழுத்து போயிரும். பின்பாரமாச்சுன்னா நொகத்தடி மேல தூக்கிக்கும். பாரம் அச்சுக்கு மேல நிக்கோணும்."

பெரிய லென்ஸைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாரம் அச்சுக்கு மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கேமரா எவ்வளவு சின்னது என்பது அடுத்த பேச்சு.

பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, கனமாக இருந்தால் பின்பக்கம் கொஞ்சம் எடை இருக்கும், பாரம் லென்ஸ் மாட்டுகிற மவுண்ட் பக்கமாக நகர்ந்துவரும். 400 கிராம் பாடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. பாரம் முழுக்க லென்ஸ் குழாயிலேயே முன்னால் தங்கிவிடுகிறது. அதனால் முதல் வேலை அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. வெயில் மறைக்கும் ஹுட்டை மாட்டி, பேட்டரி போட்டு, படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஹுட் முனையில் இருப்பதால் அதன் சின்ன எடையும் பெரிதாகத் தெரியும். பிறகு ஃபுட்டுக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்துத் தூக்கி, முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம். என் லென்ஸின் ஃபுட்டில் முடுக்கியிருக்கும் பிளேட்டில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. ட்ரைபாட் தலையில் பிளேட்டைக் கவ்வுகிற கிளாம்ப்பின் நடுவும் அந்த டேப்பும் நேராக வந்தால் போதும், இருட்டிலும் தடவிப் பார்த்து வைத்துவிடுவேன்.

பிளேட் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் சிலவற்றில் ஃபுட்டிலேயே கிளாம்ப் நேராகக் கவ்வுகிற ஆர்கா-ஸ்விஸ் பள்ளம் வெட்டியிருக்கும். சோனியின் இந்த லென்ஸோடு வருகிற ஃபுட்டில் அது கிடையாது, தனியாக பிளேட் முடுக்க வேண்டும். முடுக்குவதுதான் முடுக்குகிறோம், நீளமான பிளேட்டாக, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி முடுக்கிக்கொள்ளுங்கள். பாரம் முன்னால் இருக்கிறபோது கிளாம்ப் பிடிக்கவும் முன்னால் இடம் வேண்டுமே. குட்டை பிளேட்டைப் போட்டுவிட்டு, லென்ஸ் மூக்கைக் கீழே தொங்கப்போடுகிறது என்று, உருண்டை மேல் எந்தப் பக்கமும் சாய்கிற பால் ஹெட்டை இறுக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பால் ஹெட்தான் இருக்கிறது என்றால் ட்ரைபாடின் ஒரு காலையாவது லென்ஸ் பார்க்கும் திசையில் முன்னால் வையுங்கள். சாய்ந்தாலும் விழாது.

நான் கொண்டுபோனது கிம்பல், லென்ஸை ஊஞ்சல் போலத் தாங்கிச் சுலபமாகத் திரும்ப விடுகிற ட்ரைபாட் தலை. லென்ஸை மாட்டி இரண்டு திருகையும் தளர்த்தி, வானத்தைப் பார்க்கும்படி சாய்த்துக் கையை எடுத்தால் அப்படியே நிற்க வேண்டும். தண்ணீரைப் பார்க்கும்படி தாழ்த்தி விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் போனால் பிளேட்டை விரலளவு நகர்த்தினால் சரியாகிவிடும். இந்த லென்ஸில் பெரிய வசதி, ஜூம் செய்தால் குழாய் நீளாது. 200-லும் 600-லும் ஒரே நீளம், பாரமும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். முன்னால் நீள்கிற வகை என்றால் அதிகம் பயன்படுத்துகிற நீளத்தில் வைத்துச் சமன் பார்ப்பதே நல்லது. பறவைக்கு என்றால் அது பெரும்பாலும் கடைசி நீளம்தான்.

ஆற்று ஆலா ஒன்று குளத்தின் மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கிம்பலில் அதைத் தொடரும்போது வலது கையில் பாரமே தெரியவில்லை. விரல் ஷட்டரில் சும்மா கிடந்தது. சின்ன பாடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, கீழே நழுவிவிடும், அந்தக் கையால் எடையைத் தாங்கினால் மணிக்கட்டு வலிக்கும். எடை தாங்குவது இடது கையின் வேலை. கிம்பல் இல்லாமல் கையில் பிடிக்கும்போது ஃபுட் பொருந்தியிருக்கும் வளையமான காலரைத் திருப்பி ஃபுட்டை மேலே கொண்டுவந்துவிட்டு, இடது உள்ளங்கையைக் குழாய்க்கு அடியில், பாரம் நிற்கிற இடத்தில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வேன். தோள்வாரும் ஃபுட்டில்தான் மாட்டியிருக்கிறேன், கேமராவில் இல்லை. கேமராவைப் பிடித்துத் தூக்கினால் இவ்வளவு பெரிய லென்ஸும் மவுண்ட்டில் தொங்கும். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

ஏ6400-ல் பாடிக்குள் நடுக்கத் தடுப்பு கிடையாது, லென்ஸில் மட்டும்தான். சென்சாரும் சின்னது என்பதால் 600 மி.மீ. போட்டால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 900 மி.மீ. போட்ட அளவுக்குப் பார்வை குறுகிவிடும். சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். சமன் இருந்தால்தான் ஆலாவை ஃபிரேமுக்குள் வைத்துக்கொண்டிருக்கவே முடியும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல், நடுக்கத் தடுப்பு இரண்டாவது மோடில், அதாவது பக்கவாட்டில் தொடர்வதற்கான மோடில்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீர் மேல் காற்று அலையாட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு தூரத்து வாத்து எதுவும் ஷார்ப்பாக வராது, எந்த ட்ரைபாடும் அதற்கு மருந்தில்லை. மூட்டை கட்டிவிட்டு ஊத்துக்குளியில் டிபன் சாப்பிட்டோம். மாப்பிள்ளை வெண்ணெய் வாங்காமல் வரமாட்டேன் என்றார், வாங்கினார். அங்கேயே ஒரு மளிகைக் கடையில் இரண்டு கிலோ கொள்ளு வாங்கி, காலியாகக் கொண்டுபோயிருந்த துணிப்பையை நிரப்பிக்கொண்டோம். சென்னிமலை வழியாக வெள்ளோடு.

வெள்ளோடு சரணாலயம் 2022-ல் ராம்சர் பட்டியலில் வந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊர் மொத்தமும் குழந்தைகளோடு சேர்ந்து அப்படி இருப்பது சாதாரண விஷயமில்லை. அந்த ஊருக்குள் சத்தமில்லாமல் நடந்துபோவதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. ட்ரைபாடை காரிலேயே வைத்துவிட்டோம்.

பார்வை மேடையின் கைப்பிடிச் சுவரில் கொள்ளுப் பையை வைத்து, நடுவில் குழி செய்து லென்ஸைக் கிடத்தினேன். இதிலும் கணக்கு ஒன்றுதான், டேப் ஒட்டிய இடம் பையின் நடுவில் வர வேண்டும். கொள்ளு நன்றாக இறங்கிக் குழாயைக் கவ்விக்கொள்கிறது. மாலை வெயிலில் கூழைக்கடா ஒன்று காலை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரைக் கிழித்து இறங்கியது. பையின் மேல் லென்ஸை மெல்ல உருட்டிக்கொண்டே தொடர்ந்து எடுத்தேன். அலகுப் பையின் மடிப்பும், கால் பட்டுத் தெறித்த தண்ணீரும் துல்லியமாக வந்திருக்கின்றன.

பிறகு மாப்பிள்ளை கேட்டு வாங்கிப் பார்த்தார். வாங்கும்போதே இடது கையை அடியில் கொடுத்துத்தான் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் கொள்ளில் பாதியை அக்கா எடுத்துக்கொண்டாள், ரசத்துக்கு. மீதி பையிலேயே இருக்கிறது, அடுத்து இருவாச்சி பார்க்க வால்பாறை போவதாக இருக்கிறோம். அங்கே பெரும்பாலும் கார் ஜன்னலில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், இந்தப் பை போதும்.