ஃபால் ரிவர்: நடைவழி இல்லாத வீடு

போஸ்டனிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஃபால் ரிவர். பருத்தி ஆலைகளால் கொழித்த ஊர். கருங்கல்லில் கட்டிய அந்த ஆலைகள் பல இன்னும் நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் வருவதோ செகண்ட் தெருவின் 230ஆம் எண் வீட்டைப் பார்க்க. 1892 ஆகஸ்ட் 4 அன்று, பட்டப்பகலில், ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் இந்த வீட்டுக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஆண்ட்ரூவின் இளைய மகள் லிஸ்ஸி, வயது 32. அவர் விடுதலையானார், அதன் பிறகு வேறு யார் மீதும் வழக்கு நடக்கவில்லை.

இப்போது அந்த வீடு தங்கும் விடுதி. ஆபி இறந்து கிடந்த அறையில் பணம் கட்டி இரவு உறங்கலாம். டிக்கெட் வாங்கும் இடத்தில் கோடாலி படம் போட்ட சட்டை முதல் கோப்பை வரை விற்கிறார்கள். பேய்க் கதை கேட்க வந்தவர்களே எங்கள் குழுவில் அதிகம். எனக்கு அதில் ஆர்வமில்லை. நான் பார்க்க வந்தது வீட்டின் அமைப்பை. இந்த வழக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

1845இல் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கக் கட்டிய மர வீடு. அதை வாங்கி ஒரே வீடாக்கிய ஆண்ட்ரூ பெரும் பணக்காரர், வங்கித் தலைவர். ஆனால் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவர் தகுதிக்குரியவர்கள் மேட்டுப் பகுதியில் மாளிகை கட்டி வாழ்ந்தபோது, அவர் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே, குளியலறை இல்லாத இந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கோடு காலம் தள்ளினார். மாடியில் நடைவழியே கிடையாது. ரயில் பெட்டிகள் போல ஓர் அறை வழியாகத்தான் இன்னோர் அறைக்குப் போக வேண்டும். மூத்த மகள் எம்மாவின் சிறு அறைக்கு லிஸ்ஸியின் அறையைக் கடந்தே போக முடியும். லிஸ்ஸியின் அறைக்கும் பெற்றோர் அறைக்கும் நடுவே இருந்த கதவு இருபுறமும் அடைக்கப்பட்டிருந்தது. அதனால் மகள்களுக்கு முன்படி, பெற்றோருக்குப் பின்படி. ஒரே கூரைக்குள் இரண்டு வீடுகள்.

கொலைக்கு முந்தைய ஆண்டு பெற்றோர் அறையில் திருட்டு நடந்தது. அதற்குப் பிறகு ஆண்ட்ரூ அந்த அறையைப் பூட்டி, சாவியைக் கீழே கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு வெளியே போவாராம். யாரைச் சந்தேகித்தார் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவி சொல்லிவிட்டது.

முன்படியில் ஏறும்போது ஓரிடத்தில் நிற்கச் சொன்னார் வழிகாட்டி. கண் மாடித் தரையின் மட்டத்துக்கு வரும் படி அது. அங்கிருந்து விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியே தரை முழுவதும் தெரிகிறது. வேலைக்காரப் பெண்ணும் பக்கத்து வீட்டு அம்மையாரும் ஆபியின் உடலைக் கண்டது இப்படித்தான். ஆபி இறந்தது காலை ஒன்பதரை மணி வாக்கில். ஆண்ட்ரூ வீடு திரும்பியது பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால். அவருக்கு வேலைக்காரப் பெண் முன்கதவைத் திறக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து லிஸ்ஸி சிரித்தது கேட்டதாகப் பின்னர் சாட்சி சொன்னார். அந்தப் படியில் நின்றபோது எனக்கு அந்தச் சாட்சியம்தான் நினைவுக்கு வந்தது. குழுவில் ஒருவர் கட்டிலடியைப் படமெடுக்க என்னை நகரச் சொன்னார்.

அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் பிரிட்ஜெட் சல்லிவன், அயர்லாந்துக்காரர். ஆனால் சகோதரிகள் இருவரும் அவரை 'மேகி' என்றே கூப்பிட்டார்கள். அது அவருக்கு முன் வேலை பார்த்தவரின் பெயர்! அன்று காலை வாந்தி எடுத்திருந்தும், வெயிலில் ஜன்னல் கழுவச் சொல்லியிருந்தார்கள். கழுவி முடித்து மேல்மாடத்தில் தன் அறையில் சாய்ந்தபோதுதான், அப்பாவை யாரோ வந்து கொன்றுவிட்டார்கள் என்று லிஸ்ஸி கீழிருந்து கத்தினார். மேல்மாடத்து அறையைப் பிரிட்ஜெட்டின் அறை என்றுதான் வழிகாட்டி சொன்னார். அந்த மட்டில் மகிழ்ச்சி.

கூடத்தில் இருக்கும் சோபா ஆண்ட்ரூ இறந்து கிடந்ததன் நகல். இந்தக் கொலைகளைப் பற்றிய சிறுவர் பாட்டு ஒன்று நாற்பது வெட்டு, நாற்பத்தொரு வெட்டு என்று எண்ணும். உண்மையில் ஆபிக்கு விழுந்தவை இருபதுக்குள், ஆண்ட்ரூவுக்குப் பத்தோ பதினொன்றோ. எண்ணிக்கையை விட யார் முதலில் இறந்தார் என்பதே முக்கியம். ஆண்ட்ரூ முந்தியிருந்தால் மனைவிக்கும் சொத்தில் பங்கு போயிருக்கும். ஆபி முந்தியதால் மகள்கள் இருவருக்கே எல்லாம் வந்தது.

1893 ஜூனில் நியூ பெட்ஃபோர்டில் விசாரணை நடந்தது. லிஸ்ஸிக்காக வாதாடியவர் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ராபின்சன். நீதிபதிகளில் ஒருவரை அந்தப் பதவியில் அமர்த்தியவரும் அவரே. கொலைக்கு முந்தைய நாள் லிஸ்ஸி விஷம் வாங்க முயன்றதாகக் கடைக்காரர் சொல்ல வந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொலை நடந்த சில நாளில் ஒரு கவுனை அடுப்பில் போட்டு எரித்ததற்கு, பெயின்ட் கறை பட்டிருந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. முழுக்க ஆண்களே இருந்த ஜூரி ஒன்றரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் நடத்திய, நல்ல குடும்பத்துப் பெண்ணின் கையில் கோடாலியைப் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன். 'மேகி' குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்தால் ஒன்றரை மணி நேரம் கூட எடுத்திருக்க மாட்டார்கள், வேறு முடிவுக்கு வர.

விடுதலையான பின் லிஸ்ஸி ஊரைவிட்டுப் போகவில்லை. அப்பா வாங்க மறுத்த மேட்டுப் பகுதியில், பிரெஞ்ச் தெருவில் 'மேப்பிள்கிராஃப்ட்' என்ற பெரிய வீட்டை வாங்கி 1927 வரை வாழ்ந்தார். தெருவிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது காரில் வாக்குவாதம். ஜன்னல் கழுவியபோது பக்கவாட்டுக் கதவு கொக்கி போடாமல் கிடந்தது, வெளியாள் நுழைந்திருக்கலாமே என்றார் உடன் வந்த நண்பர். நுழைந்திருக்கலாம். முதல் கொலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒதுங்கி நிற்க ஒரு நடைவழி கூட இல்லாத வீட்டில், லிஸ்ஸியின் கண்ணிலும் பிரிட்ஜெட்டின் கண்ணிலும் படாமல் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். நண்பர் மாடியில் ஓர் அலமாரியைச் சொன்னார். பிராவிடன்ஸ் தாண்டும் வரை அந்த அலமாரி பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.