நெல் அறுவடை இயந்திரத்தின் (கம்பைன்) டேங்க்கில் அரிசி தெரிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கங்காவதி, சிந்தனூர், மண்டியா என்று அறுப்புக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்களில் பலர் ஸ்பேருக்காக பெங்களூரில் நின்றுதான் போகிறார்கள். ஜே.சி. ரோட்டில் பெல்ட்டும் பேரிங்கும் வாங்கியதோடு சரி. கதிரை அடித்து நெல்லை உதிர்க்கும் டிரம்மைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நெல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

டேங்க்கிலிருந்து இரண்டு கை நெல்லை எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். உமி உரிந்த அரிசியும் நொய்யும் தெரிந்தால் அடி பலமாக விழுகிறது. காம்போடு ஒட்டிய மணிகள் இருந்தால் அடி போதவில்லை. இரண்டும் ஒரே கைப்பிடியில் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதை ஆர்பிஎம் (டிரம் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மாற்றிச் சரிசெய்ய முடியாது: டிரம்மின் பல் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கான்கேவ், அதாவது டிரம்முக்கு அடியில் வளைந்து கிடக்கும் ஜாலி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

பல்லின் முன்விளிம்பு கூராக இருந்தால் கதிரை இழுத்து உதிர்க்கும். மழுங்கிப்போன பல் கதிர் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கதிர் உதிரவில்லையே என்று டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், ஏற்கெனவே உதிர்ந்த நெல் உடையும். சில வண்டிகளில் பல்லைத் திருப்பி மாட்டலாம். புதிது போடும்போது நேர் எதிரில் உள்ளதையும் சேர்த்து, தராசில் ஒரே எடை பார்த்து மாற்றுங்கள். பல்லுக்குப் பதில் வரி போட்ட இரும்புப் பட்டை உள்ள ராஸ்ப் பார் வகை டிரம்மிலும் எதிரெதிர் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வரிகள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் சாய்ந்து மாறிமாறி வரும், அந்த வரிசை குலையக்கூடாது. தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து ஏற்றுவது மலிவுதான், ஆனால் எடை ஏறுக்குமாறாகி டிரம் அதிரும், பேரிங் போகும். அப்படிச் செய்தால் பீன்யா தொழிற்பேட்டையில் டிரம்மை பேலன்ஸ் பார்த்த பிறகே ஏற்றுங்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

அடுத்து கான்கேவ். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றி, டிரம் சுழலாதபடி கட்டை கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். முன்பக்கம் இரண்டு மூலை, பின்பக்கம் இரண்டு மூலை என நான்கு இடத்திலும் பல்லுக்கும் ஜாலிக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். எல்லாவற்றிலும் உயரமாக நிற்கும் பல்லையே வைத்து அளக்க வேண்டும். முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட அதிகமாக இருப்பதுதான் முறை. இடதும் வலதும் சமமாக இருக்க வேண்டும். கல் அடித்து ஜாலியின் நடுவில் குழி விழுந்திருந்தால் மூலை அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

இதெல்லாம் சரியான பிறகுதான் வேகம். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் ஆர்பிஎம் உங்களுக்குப் பொருந்தாது, டிரம் விட்டத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். பல் நுனிக்கு நுனி 600 மில்லிமீட்டர் உள்ள டிரம் 700 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி வேகம் நொடிக்கு 22 மீட்டர். பல் டிரம்மில் நெல்லுக்கு 20 முதல் 25 வரை பொதுவாக ஒத்துவரும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சுற்று எண்ணும் டேக்கோமீட்டரை வாங்கி, டிரம் புல்லியில் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அளந்துவிடுங்கள். வயலில் நெல் உடைந்தால் முதலில் கான்கேவைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 50 ஆர்பிஎம் குறையுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வண்டியை மெதுவாக ஓட்டினால் நெல் உடையாது என்று நினைப்பது தவறு. டிரம்முக்குள் வைக்கோல் மெத்தை குறைந்தால் அடி நேரே மணியில் விழும். பயிர் மெலிவாக இருந்தால் டிரம் வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். காலையில் பனி ஈரத்தோடு சரியாக இருந்த அளவு, மதியம் வைக்கோல் மொடமொடவென்று காய்ந்ததும் அதிகமாகிவிடும்.

உதிராத கதிரை மறுபடி டிரம்முக்கு ஏற்றும் ரிட்டர்ன் எலிவேட்டரின் மூடியையும் திறந்து பாருங்கள். உள்ளே நல்ல நெல் நிறைய இருந்தால் சல்லடை இறுக்கமாக இருக்கிறது. அந்த நெல் இரண்டாம் முறை டிரம்முக்குப் போய் அடி வாங்குகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம், தூசு தும்பு 1 சதவீதம் என்று பார்ப்பார்கள் என்பதற்காகச் சல்லடையை இறுக்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தூசியைக் காற்றால் தள்ளுங்கள். காற்று அதிகமாகி நெல் பறக்கிறதா என்று வண்டிக்குப் பின்னால் எண்ணிப் பார்க்கலாம்: 1000 நெல் 25 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு 40 மணி கிடந்தால் ஏக்கருக்கு 4 கிலோ சேதம். 2 மீட்டர் அகலம் அறுத்து 1 மீட்டர் அகலத்தில் வைக்கோல் விழுந்தால், அந்த வரிசையில் எண்ணியதைப் பாதியாக்குங்கள்.

பெங்களூரைச் சுற்றி ராகிக்கு இறக்கினால் சல்லடையும் காற்றும் மாறும். 1000 ராகி சுமார் 3 கிராம்தான் தேறும். நெல்லுக்கு வைத்த காற்றில் மொத்தமும் பின்னால் போய்விடும். எலிவேட்டர் அடிமூடி, டேங்க் மூலை, ஆகர் (தானியத்தைத் தள்ளும் திருகு) பெட்டி என்று நெல் ஒழுகாத இடுக்கில்கூட ராகி ஒழுகும். ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து ஐந்து நிமிடம் நின்றபடி ஓடவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.