சேதாரக் கணக்குக்கு ஆறு ஃபங்ஷன்கள்

தி.நகரில் ஒரு நகைக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. கிண்டி தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில், நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். சேதாரம், செய்கூலி, தள்ளுபடி எல்லாம் கடையில் அடிக்கடி மாறும் என்பதால் அந்தக் கணக்கை நிரலுக்குள் எழுதி வைக்கவில்லை. கடையிலேயே ஒரு பெட்டியில் சூத்திரத்தைத் தட்டிக்கொள்ளலாம்: (எடை + எடை * சேதாரம் / 100) * விலை + செய்கூலி. அதைப் படித்து விடை சொல்ல, பைத்தான் என்ற நிரல்மொழியில் நாங்களே எழுதிய சின்ன லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்று இருக்கிறது. தட்டிய எழுத்தை அப்படியே நிரலாக ஓட்டும் இவால் பைத்தானிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். வெளியாள் தட்டும் எழுத்தை அதற்குள் விட்டால் சர்வரின் சாவியையே கொடுத்த மாதிரி.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி, எடை, விலை போன்ற மாறிகள். இரண்டு வருடம் இதிலேயே ஓடியது. அப்புறம் கடையின் கணக்கர் போன் செய்தார். அறுபதைத் தாண்டியவர், எக்செல்லில் புலி. "தம்பி, ரவுண்ட் பண்ணணும், இஃப் போடணும். ஆனா தமிழ்லயே இருக்கட்டும், பசங்களுக்கும் புரியணும்ல." ஆறு பெயர்களை முடிவு செய்தோம்: முழுதாக்கு, மேலேற்று, கீழிறக்கு, பெரியது, சிறியது, எனில். பெயரையும் அதற்கான ஃபங்ஷனையும், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டையும், ஒரு டிக்ஷனரியில் (பெயருக்கு எதிரே பொருளை வைக்கும் பட்டியலில்) போட்டால் முடிந்தது, மதியத்துக்குள் தந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் அடி பெயரிலேயே விழுந்தது. 'முழுதாக்கு' என்று தட்டினால் 'ம' வரை படித்துவிட்டு, அடுத்து ஏதோ தெரியாத குறி என்று லைப்ரரி கத்தியது. எழுத்தா இல்லையா என்று பார்க்க பைத்தானின் இஸ்ஆல்ஃபா என்ற மெத்தடை வைத்திருந்தேன். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 'ம' எழுத்து. அதோடு ஒட்டும் உகரக் குறி எழுத்து அல்ல, துணைக்குறி. புள்ளியும் அப்படித்தான். அப்படியானால் சேதாரம், செய்கூலி எல்லாம் இத்தனை நாள் எப்படி ஓடின? மாறிப் பெயர்களைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் வசதி அவற்றை முன்கூட்டியே எண் குறியாக மாற்றிவிட்டிருந்தது. யாரும் கையால் தட்டவே இல்லை! பைத்தான் தன் மாறிப் பெயர்களுக்கு வைத்திருக்கும் விதியையே, அதாவது இஸ்ஐடென்டிஃபையரை, கடன் வாங்கியதும் சரியானது.

அதன் தம்பி இரண்டு நாள் கழித்து வந்தான். 'மொத்தம்' என்ற மாறி இல்லை என்று பிழைச்செய்தி. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே 'மொத்தம்'தான். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய கோப்பிலிருந்து ஒட்டியதில் இரண்டாவது வகை வந்திருந்தது. உள்ளே வரும் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற ஒரே வரி போதும். அந்த வரிக்கு வந்துசேர ஒரு முழு நாள் போனது.

முழுதாக்கு. இதில்தான் எனக்கு வியர்த்தது. பைத்தானின் ரவுண்டை நேராகக் கொடுத்துவிட்டேன். அது சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும்: 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. கணக்கர் கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்த்தார். 48,313.50 சரியாக ஏறுகிறது, 48,312.50 இறங்குகிறது. "ஒரு பில்லுல ஏறுது, இன்னொண்ணுல இறங்குது. மெஷினுக்கு மூடு சரியில்லையா தம்பி?" என்றார். நான் புள்ளியியல் காரணம் சொல்ல வாயெடுத்தேன். கஸ்டமர் முன்னால் அதையெல்லாம் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

மேலேற்று இதைவிட மோசம். 1.1 * 100 பைத்தானில் 110 வராது, 110.00000000000001 வரும். அதை மேலேற்றினால் 111. ஒரு ரூபாய் வானத்திலிருந்து குதிக்கிறது. எல்லாவற்றையும் டெசிமலுக்கு, அதாவது நாம் எழுதுகிற மாதிரி பத்தின் அடிமானத்திலேயே கணக்கிடும் எண் வகைக்கு, மாற்றினேன். அங்கேயும் ஒரு குழி: தட்டிய 1.1ஐ முதலில் ஃபுளோட் (இரண்டின் அடிமானத்தில் தோராயமாக வைக்கும் வழக்கமான எண் வகை) ஆக்கிவிட்டு அப்புறம் டெசிமல் ஆக்கினால், 1.100000000000000088 என்று தொடங்கும் நீண்ட வால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். தட்டிய எழுத்திலிருந்து நேராக டெசிமல் செய்ய வேண்டும்.

'எனில்' பற்றி ஒன்று. எனில்(எடை > 0, மொத்தம் / எடை, 0) என்று கணக்கர் எழுதினார், முறையாகத்தான். எடை இல்லாத பரிசுப்பொருள் வந்ததும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பில் நின்றுவிட்டது. மற்ற ஃபங்ஷன்களுக்கு உள்ளே கொடுத்ததை எல்லாம் முதலில் கணக்கிட்டுவிட்டுத்தான் ஃபங்ஷனையே கூப்பிடுவோம். எனில் அப்படி இருக்கக் கூடாது. நிபந்தனையை மட்டும் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் தொட வேண்டும். அதற்கு மட்டும் விடைகளைக் கொடுக்காமல் கணக்கிடாத சூத்திரத் துண்டுகளையே கொடுக்கிறேன். டிக்ஷனரியில் அதற்கு எதிரே 'சோம்பேறி' என்று ஓர் அடையாளக் கொடி.

கமா விஷயத்தில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. கடைப் பையன் ஒருவன் பெரியது(1,00,000) என்று தட்டினான். லைப்ரரி அதை 1, 00, 000 என்று மூன்று எண்களாக எடுத்துக்கொண்டு, பெரியது 1 என்று பதில் சொன்னது. இப்போதைக்கு 00 மாதிரி பூஜ்யத்தில் தொடங்கும் எண் வந்தால், 'எண்ணுக்குள் கமா போடாதீர்கள்' என்று தமிழிலேயே மறுக்கிறோம். 1,25,500 என்றால் பிடிபடாது. அரைப்புள்ளி வைக்கலாம் என்றால், எக்செல் பழக்கத்தில் கணக்கர் கமாதான் போடுகிறார்.

எல்லாம் ஓட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மறுபடி போன். "சவரன்னு ஒண்ணு வேணும் தம்பி, எடையப் போட்டா எத்தனை சவரன்னு வரணும்." எடையை எட்டால் வகுக்க வேண்டும், ஒரே வரி. பேசிக்கொண்டே எழுதிவிட்டேன். "சார், மூணு தசமத்துக்கு மேல வந்தா வெட்டிடவா, முழுதாக்கவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ தராசுத் தட்டில் எதையோ வைக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"முதலாளியக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.