டிஜிட்டல் இருக்கட்டும், முதலில் காது

எங்கள் ஹாம் வானொலிக் குழுவின் ஞாயிறு காலை நெட்டில், அதாவது வானலையில் எல்லோரும் கூடிப் பேசும் நேரத்தில், வாரம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "நம் ரிப்பீட்டர் எப்போது டிஜிட்டலுக்கு மாறும்?" கேட்பவர் பெரும்பாலும் புதிதாக லைசென்ஸ் வாங்கிய கல்லூரிப் பையனாக இருப்பார். நியாயமான ஆசைதான். ஆனால் அதே நெட்டில், அதே நேரத்தில், நாமக்கல்லிலிருந்து ஒரு பெரியவர் ஐந்து வாட் கைக்கருவியை வைத்துக்கொண்டு தொண்டை வறள அழைத்துக்கொண்டிருந்தார். அது யார் காதிலும் விழவில்லை. ரிப்பீட்டரின் காதிலேயே விழவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஹாம் வானொலி பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டு மீட்டர் அலைவரிசையில் கைக்கருவியால் சமவெளியில் சில கிலோமீட்டர்தான் பேச முடியும். மலை உச்சியில் ஒரு பெட்டியை வைத்து, அது கேட்டதை அதே நொடியில் வேறு அதிர்வெண்ணில் உரக்கத் திருப்பிச் சொல்ல வைத்தால் அதுவே ரிப்பீட்டர். எங்களுடையது ஏற்காட்டில் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. இந்த 1,200 மீட்டர் வித்தியாசத்துக்கு ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஈரோடு, கரூர், திருச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். கொல்லிமலைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் நிழல் விழும். அதற்கு மலையிடம்தான் முறையிட வேண்டும்.

"அதே நொடியில்" கேட்பதும் பேசுவதும் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எல்லா வம்பும் அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. ஒரே ஆன்டெனாவில் 145.7 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டே 145.1-ல் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். வெளியே போவது 25 வாட். உள்ளே வரும் மெல்லிய குரல் 0.2 மைக்ரோவோல்ட். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 165 டெசிபல் வித்தியாசம். அதாவது முந்நூறு கோடி கோடி மடங்கு. என் பாலிடெக்னிக் மாணவர்களிடம் இந்த எண்ணைக் கரும்பலகையில் பூஜ்யங்களோடு எழுதிக் காட்டுவேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த இரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸர். நான்கு அல்லது ஆறு உலோக உருளைகள், ஒவ்வொன்றும் கால் அலைநீளம், ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். உள்ளே நகரும் கம்பியை இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் செய்கிறார்கள். வெயிலிலும் குளிரிலும் அதன் நீளம் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நீளம் மாறினால் சுருதி மாறும். சுருதி மாறினால் பெட்டி தன் குரலையே கேட்டுக்கொண்டு ஊரைக் கேட்காமல் போய்விடும்.

போன வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எங்கள் பெட்டிக்கு அப்படித்தான் ஆயிற்று. பேச்சில் குறை இல்லை. கரூரில்கூட ரிப்பீட்டர் கணீரென்று கேட்டது. ஆனால் காரில் 25 வாட் கருவி வைத்திருப்பவர்கள் மட்டுமே உள்ளே நுழைய முடிந்தது. கைக்கருவிக்காரர்கள் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி திறக்கும், பிறகு கரகரவென்று வெட்டும். உடனே எங்கள் வாட்ஸாப் குழுவில் ஏகமனதாக ஒரு தீர்ப்பு: டூப்ளெக்ஸர் போய்விட்டது, புதிது வாங்கு. இன்னொருவர் ஒரு படி மேலே போய், எப்படியும் வாங்கத்தான் போகிறோம், டிஜிட்டல் ரிப்பீட்டராகவே வாங்கிவிடலாம் என்று விலைப்பட்டியலே அனுப்பிவிட்டார்.

எனக்குத் தீர்ப்பு பிடிக்காது, அளவு பிடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கல்லூரி ஆய்வகத்திலிருந்து அனுமதியோடு எடுத்து வந்த சிக்னல் ஜெனரேட்டரை மேசையில் வைத்தோம். ரிசீவருக்குப் போகும் கேபிளில் ஓர் இணைப்பை நுழைத்து, காதுக்கு எட்டும் எல்லையில் ஒரு மெல்லிய ஒலியைக் கொடுத்தோம். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது அது தெளிவாக இருந்தது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டதும் இரைச்சலில் மூழ்கிப் போயிற்று. மறுபடி வெளியே கொண்டுவர சிக்னலைப் பத்து டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தது. சரி, செவிட்டுத்தனம் உண்மைதான். அடுத்து ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு டூப்ளெக்ஸரில் டம்மி லோடை, அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கிக்கொள்ளும் போலிச் சுமையை, பொருத்தினோம். இப்போது டிரான்ஸ்மிட்டரைப் போட்டாலும் அணைத்தாலும் ஒலியில் வித்தியாசமே இல்லை!

டூப்ளெக்ஸர் நிரபராதி. நோய் அதற்கு அப்பால், கேபிளிலோ ஆன்டெனாவிலோ கோபுரத்திலோ இருக்கிறது.

இங்கே ஓர் இடைச்செருகல். இப்போது எல்லோர் பையிலும் நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவி ஒன்று இருக்கிறது. அருமையான கருவி; ஆன்டெனா பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் அதை வைத்து டூப்ளெக்ஸரின் பள்ளத்தை, அதாவது வேண்டாத அதிர்வெண்ணை அது வெட்டும் இடத்தை, திருகித் திருத்தக் கிளம்பாதீர்கள். அதன் பார்வை 70 டெசிபல் ஆழத்தோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதற்கும் கீழே, 80, 90-ல் இருக்கிறது. திரையில் தெரியும் அடித்தளம் கருவியின் அடித்தளம், டூப்ளெக்ஸருடையது அல்ல.

கோபுரம் ஏறுவது என் வேலை இல்லை. அதற்கென்று இடுப்பு வாரும் பொறுமையும் உள்ள ஒரு தம்பி இருக்கிறான். மேலே போனவன் கீழே கத்தினான்: "அக்கா, இது கேபிளா, தண்ணீர்க் குழாயா?" ஆன்டெனாவின் அடியில் இருந்த இணைப்பியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. கேபிளைக் கீழே இறக்கி, முனையிலிருந்து ஒரு முழம் விட்டு மேலுறையைக் கத்தியால் கீறினேன். பளபளவென்று செம்பாக இருக்க வேண்டிய வலைப்பின்னல் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இன்னும் ஒரு முழம் தள்ளிக் கீறினேன். அங்கேயும் அதே பச்சை. நீர் வலைக்குள் ஊறிக்கொண்டே இறங்கியிருக்கிறது. துருப்பிடித்த இழைகள் ஒன்றோடொன்று பட்டும் படாமலும் இருந்தால், 25 வாட் பாயும்போது அந்தத் தொடுமுனைகளில் இரைச்சல் பிறக்கும். அந்த இரைச்சல் நேராக ரிசீவரின் அதிர்வெண்ணிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த டூப்ளெக்ஸராலும் அதை வடிகட்ட முடியாது.

தண்ணீர் எப்படி நுழைந்தது? இணைப்பியின் மேல் ரப்பர் டேப் சுற்றியிருந்தார்கள், தாராளமாகவே சுற்றியிருந்தார்கள். ஆனால் மேலிருந்து கீழாக. அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மேல்நோக்கித் திறந்திருக்கும். வழிந்து வரும் மழை ஒவ்வொரு மடிப்பிலும் தங்கி உள்ளே போகும். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வது போல. முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப், கடைசியில் இணைப்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு நீர் சொட்டிப்போக வழி. இதைச் சுற்றியது கூலிக்கு வந்த ஓர் ஒப்பந்தக்காரர், பெயர் வேண்டாம். அவர் வேறு எத்தனை கோபுரங்களில் சுற்றியிருக்கிறாரோ என்றுதான் கவலை.

கோபுரத்தின் இழுவைக் கம்பியில் ஒரு கிளாம்ப்பும் துருவேறித் தளர்ந்திருந்தது. இரும்பும் இரும்பும் காற்றில் உரசினாலும் அதே இரைச்சல்தான். மாற்றினோம். கேபிள் ஏன் அவ்வளவு அலங்கோலமாகத் தொங்குகிறது என்று காவலாளியிடம் கேட்டேன். "குரங்கு ஊஞ்சல் ஆடுகிறது டீச்சரம்மா, விரட்டினால் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது" என்றார். இப்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பிடி போட்டுக் கோபுரத்தின் காலோடு இறுக்கியிருக்கிறோம்.

பழைய கேபிள் ஆர்ஜி-213. புதிதாகப் போட்டது அரை அங்குல ஹார்டுலைன், வெளிப்புறம் நெளிவுகொண்ட முழுச் செம்புக் குழாய். வலைப்பின்னலே இல்லாததால் ஊறுவதற்கு இழையும் இல்லை. எங்களுடைய 40 மீட்டர் நீளத்துக்குப் பழையதில் புதிதாக இருந்தபோதே மூன்று டெசிபலுக்கு மேல் இழப்பு; அதாவது பாதிக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும், வருவதிலும் போவதிலும். புதியதில் ஒரு டெசிபல் சொச்சம்தான். போட்ட அன்று சாயங்காலமே நாமக்கல் பெரியவர் வீட்டு மாடியிலிருந்து கைக்கருவியில் வந்துவிட்டார். வந்தவர், எங்களைப் பாராட்டாமல், ஏன் இத்தனை நாள் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

காரணம் பணம். கேபிளுக்கு நன்கொடை கேட்டால் குழுவில் எல்லோரும் திடீரென்று மௌன விரதம். புதுப் பெட்டி என்றால் அடுத்த நிமிடமே கை நீளும். பெட்டிக்கு முகப்பு இருக்கிறது, விளக்கு எரிகிறது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். செம்புக் குழாயோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்?

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரி ஒன்று, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுவதுதான். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டி அரை ஆம்பியர் எடுக்கும், பேசும்போது ஆறு. ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்று வைத்தால் சராசரி 1.6. பாட்டரியில் பாதியைத்தான் தொடலாம் என்றாலும் இரண்டு நாள் ஓட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மட்டும் தூக்கிப் போட விடமாட்டேன். கனமாக இருக்கிறது என்று ஒருவர் வாங்கிக் கொடுத்த லேசான எஸ்எம்பிஎஸ் சார்ஜர், பக்கத்தில் வைத்ததுமே ரிசீவரில் சீறியது. அது இப்போது என் வீட்டில் ஸ்கூட்டர் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது.

டோன், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி விஷயத்தில் பெரிய சண்டையே நடந்தது. கோபுரங்கள் நிறைந்த மலை. ஏதாவது ஓர் இரைச்சல், சிக்னல் வராதபோது ரிசீவரின் வாயை மூடிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட, இரவெல்லாம் ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. 88.5 ஹெர்ட்ஸ் டோன் இருந்தால்தான் திற என்று வைத்ததும் அமைதி. மூத்தவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள்: அவசரத்தில் டோன் தெரியாதவன் எப்படி நுழைவான் என்று. அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. அதனால் ரிப்பீட்டர் வெளியே அனுப்புவதிலும் அதே டோனைச் சேர்த்துவிட்டோம். இந்தக் காலத்துக் கருவிகள் அதைத் தாமே தேடிக் கண்டுபிடித்துவிடும். கோபம் பாதி தணிந்திருக்கிறது.

இனி டிஜிட்டல். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இரண்டு உரையாடல்கள் நேரம் பங்கிட்டு ஓடும். அழகான பொறியியல், மறுக்கவில்லை. ஜப்பானிய ஹாம் சங்கம் உருவாக்கிய டி-ஸ்டார் ஒரு பக்கம், யேசுவின் சி4எஃப்எம் இன்னொரு பக்கம். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. எங்கள் குழுவில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது டிஜிட்டல் தெரியாத, விலை குறைந்த சீன எஃப்எம் கைக்கருவி. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மூன்று பேர் தெளிவாகப் பேசிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. டிஜிட்டல் வேண்டியவர்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, கைக்கருவியை இணையத்தோடு சேர்க்கும் ஒரு ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளட்டும், உதவிக்கு நானே வருகிறேன். மலையில் எஃப்எம் இருக்கும்.

இணைய இணைப்பிலும் என் பிடிவாதம் இதே. எக்கோலிங்க்கில் உலகமெல்லாம் பேசலாம், பேசுகிறோம். ஆனால் 2018 நவம்பரில் கஜா வந்தபோது நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் சேர்ந்து படுத்துவிட்டன. அப்படிப்பட்ட நாளில் உதவாத இணைப்பை வலையமைப்பு என்று எப்படிச் சொல்வது? எனவே கொடைக்கானல் பக்கம் ஒரு பெட்டியை வைத்து, ஏற்காட்டோடு 434 மெகாஹெர்ட்ஸில் நேரடியாகக் கோப்பதுதான் அடுத்த வேலை. நேர்கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வழியில் ஏற்படும் இழப்பு 131 டெசிபல். இரு முனையிலும் பத்து டெசிபல் யாகி (ஒரே திசையைக் குறிவைக்கும் ஆன்டெனா), பத்து வாட். கேபிள் இழப்பைக் கழித்த பிறகும் தேவைக்கு மேல் 40 டெசிபல் கையில் நிற்கிறது. பூமியின் வளைவு நடுவில் சுமார் 530 மீட்டர் எழும்பினாலும் இரண்டு மலைகளும் அதைத் தாண்டிப் பார்க்கும். அந்தப் பக்கம் பெருமாள் மலை குறுக்கே நிற்காத ஓர் இடம் மட்டும் கிடைக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் கோடை இடி வந்துவிடும். மலை முழுக்கச் சார்னோகைட் பாறை, மேலே மெல்லிய மண். எர்த் பிடிப்பது பாடாக இருக்கிறது. இன்னொரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பழைய குழியோடு செம்புப் பட்டையால் சேர்க்கப் போகிறோம். கேபிள், மின்சாரம், கோபுரம் மூன்றின் எர்த்தும் ஒரே தகட்டில் வந்து சேர வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி அவற்றுக்கு நடுவே நம் பெட்டியைப் பாலமாக்கிக்கொள்ளும். மார்ச் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் சேர்கிறோம். கடப்பாரை என்னிடம் இருக்கிறது. 13-ஆம் நம்பர் ஸ்பேனரை யாராவது கொண்டுவாருங்கள்; போன முறை வந்தவர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், யார் என்று எனக்குத் தெரியும்.