காதுக்கு எட்டாத ஒலியும் இரண்டு கேபிள்களும்

ஓக்லஹோமாவில் ஒரு புல்வெளி நடுவே மூன்று மைக்ரோஃபோன்களைப் பராமரிப்பது என் வேலை. வடக்கு மூலையில் ஒன்று, தென்கிழக்கிலும் தென்மேற்கிலும் ஒவ்வொன்று. இடைவெளி 60 மீட்டர். அவை கேட்பது இன்ஃப்ராசவுண்ட், அதாவது 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும் ஒலி.

2017 மே 11 அன்று பெர்கின்ஸ் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை சுழலும் காற்றுத் தூண், இறங்கியது. அது உருவாவதற்குச் சில நிமிடங்கள் முன்பே, சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி ஸ்டில்வாட்டரில் இருந்த பல்கலைக்கழகக் கருவிகளில் 8.3 ஹெர்ட்ஸ் ஒலி பதிவானது. அதைப் படித்த பிறகுதான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். ரேடார் இருக்கிறதே என்பார்கள். பூமியின் வளைவாலும், கொஞ்சம் மேல்நோக்கியே அனுப்பப்படுவதாலும், அதன் கதிர் 100 கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

எங்கள் பெரிய தலைவலி சாதாரணக் காற்றுதான். மைக்ரோஃபோன் மேல் காற்று மோதினாலே அதுவும் இன்ஃப்ராசவுண்ட் மாதிரிதான் பதிவாகும். அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் நாலு பக்கமும், தோட்டத்தில் தண்ணீர் கசிய விடுகிற துளைக் குழாய்களை நீட்டியிருந்தோம். காற்றின் இரைச்சல் குழாய் நெடுக இடத்துக்கு இடம் மாறுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். தூரத்து ஒலியின் அலை பல பத்து மீட்டர் நீளம். அது குழாய் முழுக்க ஒரே மாதிரி வந்து சேரும்.

திசையைச் சொல்வது, ஒலி மூன்று மைக்ரோஃபோன்களுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம். 60 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 0.18 நொடிதான். ஒருமுறை மழைக்குப் பின் கேபிள்களைக் கழற்றி மாட்டும்போது தென்கிழக்கையும் தென்மேற்கையும் மாற்றிச் செருகிவிட்டேன். இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. தென்கிழக்கில் ஒரு கல்குவாரி இருந்தது. அங்கே வெடி வைத்த மதியம் எங்கள் திரையில் கோடு தென்மேற்கே போனது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அது மே மாதம், டொர்னேடோ காலம். உண்மையிலேயே ஒன்று வந்திருந்தால் தப்பான ஊரைக் காட்டியிருப்போம். அன்று மாலையே எல்லாக் கேபிளுக்கும் நிற நாடா சுற்றினேன்.

சரி, திசை கிடைத்தாலும் தூரம் கிடைக்காது. வேறு இடத்திலிருந்து இன்னொரு கோடு வந்து வெட்ட வேண்டும். இரண்டாவது நிலையத்துக்கு ஒரு விவசாயி தன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இடம் தந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரியில் வருவதும் இதற்குக் கேட்குமா?"

கேட்கும் என்றேன். குழாய்களை விரிக்க அவரும் கூட வந்தார்.