ஆட்டுக்கல் முதல் பாக்கெட் மாவு வரை

அம்மா ஆட்டுக்கல்லில் மாவரைத்ததைச் சிறுவயதில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை விளிம்பில் ஏறிவரும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்து பொங்கி முடிந்தால் அடுத்தது அரிசி. அந்தப் பாடு இருந்ததால்தான் பல கிராமத்து வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டுமே உரிய பலகாரமாக இருந்தது.

கோவைப் பட்டறைகளில் பெருகிய கிரைண்டர் இந்த வேலையைத் தலைகீழாக்கியது: ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுற்றும், கிரைண்டரிலோ குழவி நிற்கப் பாத்திரம் சுற்றுகிறது, மாவைத் தள்ளிவிடும் இடக்கையின் வேலையை ஓரத்தில் பொருத்திய ஒரு தகடு எடுத்துக்கொண்டது. பிறகு, கனத்த குழவியைத் தூக்கிவிட்டு மாவை வழிப்பது சிரமமாகத் தோன்றவே, சாய்த்து ஊற்றும் டில்டிங் கிரைண்டர் வந்தது. அடுக்குமாடிச் சமையலறையில் இடம் போதாததால் டேபிள் டாப் வந்தது. ஃபிரிட்ஜும் சேர்ந்ததும் வாரத்துக்கு ஒருமுறை அரைத்தால் போதும் என்றாகி, இட்லி அன்றாடச் சிற்றுண்டியானது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, இந்த வசதி ஏழை வீடுகளுக்கும் எட்டியது. பெண்கள் மட்டுமே சுமந்துவந்த அந்த உழைப்பு திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்ப மாட்டேன்.

ஆனால், பெரிய சிரமம் நீங்கியதும் அதுவரை கண்ணில் படாத சிறிய சிரமம் பெரிதாகிவிடுகிறது என்பதை என் வீட்டிலேயே காண்கிறேன். இரண்டு மணி நேரம் குழவி சுற்றிய அம்மா கல்லைக் கழுவுவதை ஒரு வேலையாகவே எண்ணியதில்லை. பொத்தானை மட்டும் அழுத்தும் எனக்கோ, கல்லின் இடுக்கில் ஒட்டிய உளுந்தைத் தேய்த்துக் கழுவும் பத்து நிமிடம் மலைப்பாக இருக்கிறது. அதனாலேயே மூன்று ஆண்டுகளாகத் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறேன்.

சென்ற பொங்கலுக்கு அம்மா வந்திருந்தபோது கிரைண்டரைத் தூசி தட்டி எடுத்தோம். உளுந்து அரைபட்டதா என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, விரல் நுனியால் ஒரு துளி மாவை அதில் விட்டார். துளி மூழ்காமல் மிதந்தது. "போதும், நிறுத்து" என்றார்.